சின்னச் சட்டிக் கஞ்சி

என் நோன்புக் கஞ்சியைக் குடித்துக் கொழுத்தவை பக்கத்து வீட்டுக் கோழிகள் என்ற செய்தி எனக்கு இந்த வருட நோன்பில்தான் கிடைத்தது. சொன்னவள் அந்தக் கோழிகளின் சொந்தக்காரி. சொன்ன கையோடு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்டாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்ததால் எதற்கு முதலில் கோபப்படுவது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

நான் புத்தளத்துத் தில்லையடியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே முன் வீடு, பின் வீடு, பக்கத்து வீடு எல்லாம் எங்கள் ஆட்கள். நோன்பு காலத்தில் எந்த வாளி எந்த வீட்டுக்குப் போய் எந்த வீட்டுக் கஞ்சியோடு திரும்பி வருகிறது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கலியாணம் முடித்து சிலாபத்துக்கு இந்தப் பக்கம், களப்பு என்கிற உப்பேரிக் கரையோரமாக வந்து சேர்ந்தபோது ஒரு பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் அவள். கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய தாய் தமிழில் செபம் சொன்னவர். இவள் படித்ததெல்லாம் சிங்களத்தில். என்னோடு கதைப்பது இரண்டையும் சேர்த்துப் பிசைந்த ஒரு பாஷையில். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை நங்கி என்பேன், சிங்களத்தில் தங்கச்சி. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். அவள் மகள் சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய சட்டையிலிருந்து கலியாணச் சட்டை வரைக்கும் நான் தைத்தவைதான்.

அவள் மாட்டிறைச்சி தின்பதில்லை. மகளுக்குச் சின்ன வயதில் கடும் காய்ச்சல் வந்தபோது அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி அது. எங்கள் வீட்டிலோ கஞ்சிக்கு மாட்டிறைச்சி போட்டாக வேண்டும். போடாவிட்டால் என் பிள்ளைகளின் வாப்பா அதைக் கஞ்சி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே அவள் வீட்டுக்கென்று ஒரு சின்னச் சட்டி. அதே அரிசி, அதே வெந்தயம், பூண்டு, இஞ்சி, ரம்பை, தேங்காய்ப்பால். இறைச்சி மட்டும் இல்லை. கரண்டிகூட வேறு. பெரிய சட்டியின் கரண்டி தவறியும் இதில் பட்டுவிடக் கூடாதென்று, நோன்பு வாயோடு இரண்டு அடுப்புக்கும் நடுவில் நின்று வெந்திருக்கிறேன். அவள் வைத்த நேர்த்தியை அவளைவிடக் கவனமாகக் காப்பாற்றியவள் நான். அந்தோனியார் எனக்கு ஏதாவது தர வேண்டியிருந்தால் இன்னும் தரவில்லை.

கஞ்சி கொண்டுபோன வாளி வெறுமையாகத் திரும்பாது. இந்தக் கரையில் யாரும் அப்படித் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். அவள் முட்டை போட்டுத் தருவாள். ஊர்க்கோழி முட்டை, மஞ்சள் கரு தங்கம்போல இருக்கும். வாளியை மதிலுக்கு மேலால் நீட்டும்போது "கஞ்சி ஹரி ரஸய் அக்கா" என்பாள். நல்ல ருசி என்று சிங்களத்தில் சொன்னால் போதாதென்று நாக்கையும் சப்புக்கொட்டிக் காட்டுவாள். நானும் பூரித்துப்போய், மறுநாள் இன்னும் ஒரு அகப்பை கூட ஊற்றுவேன்.

நோன்பின் முதல் கிழமையில் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். அவள் மகளுடைய சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பைத் தளர்த்தித் தர வேண்டுமாம்.

"மகளுக்கு விசேசம் அக்கா" என்றாள்.

எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கலியாணமாகி எத்தனை வருடம் அந்தப் பிள்ளை ஊர் வாயில் விழுந்து கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். மாஷா அல்லாஹ் என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"கோவிக்க வேணாம் அக்கா. ஒரு விசயம் மனசுல கிடக்குது. சொன்னாத்தான் எனக்கு நித்திர வரும்."

"சொல்லு நங்கி."

"டவுன்ல கடைகளுக்குக் கல் எறிஞ்ச அந்தக் குழப்பத்துக்கு முந்தி போன்ல ஒரு வீடியோ வந்திச்சி. முஸ்லிம் ஆக்கள் சாப்பாட்டுல மருந்து போடுறாங்க, எங்கட பொம்பளைகளுக்குப் புள்ள தங்காம இரிக்க எண்டு. நான் முதல்ல நம்பல்ல. பிறகு ஒரு நாள் உங்கட குசினிக்கு வந்தன். எல்லாருக்கும் பெரிய சட்டி. எங்களுக்கு மட்டும் சின்னச் சட்டி. கரண்டியும் வேற."

"அதுக்கு?"

"அப்பதான், சரியா இரிக்குமோ எண்டு நினைச்சன்."

மெஷினின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கட ஆக்கள் கூடுறதுக்கு எங்கட ஆக்களைக் குறைக்கிறாங்க எண்டு நினைச்சன். உங்களைப் பாத்தாலும் அந்த நினைப்புத்தான் வரும். சிரிச்சிக் கதைச்சிக்கிட்டே அப்பிடி நினைச்சன் அக்கா."

"அப்ப நான் தந்த கஞ்சியெல்லாம்?"

"அனே, வீசல்ல அக்கா. சாப்பாட்ட வீசினாப் பாவந்தானே. கோழிக்கு வெச்சன்."

பாவத்துக்கு எவ்வளவு பயந்த பெண் என்று பாருங்கள்.

"அந்தக் கோழி முட்ட இட்டிச்சா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அடை கிடந்திச்சா?"

"ஓம்."

"குஞ்சு பொரிச்சிச்சா?"

"ஓம் அக்கா, நிறைய" என்று பெருமையாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் முகம் கறுத்தது.

மலட்டு மருந்து கலந்த கஞ்சியை ஒவ்வொரு நோன்புக்கும் குடித்த கோழிகள் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவள் முற்றம் கொள்ளாமல் என் பூச்சட்டிகளையும் கிண்டிக்கொண்டு திரிந்தன. அதைத் தினமும் கண்ணால் கண்டவள் அவள். அந்த முட்டைகளைத் தன் கையால் எண்ணி என் வாளியில் அடுக்கியவளும் அவள். ஆனாலும் கோழி சொன்ன சாட்சி எடுபடவில்லை. யார் முகமென்றே தெரியாத ஒருவன் போனுக்குள்ளிருந்து கத்தியது எடுபட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவளுடைய மருமகன் இத்தாலியில் வேலை. இந்தக் கரையில் மாடி கட்டிய வீடெல்லாம் இத்தாலிதான். கலியாணம் முடிந்த மாதமே விமானம் ஏறியவன், கிறிஸ்மஸுக்கு வந்தால் வருவான், வராவிட்டால் தங்கச்சங்கிலி அனுப்புவான். கட்டின புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம், பெண்டாட்டி களப்புக்கு இந்தப் பக்கம். பிள்ளை உண்டாகாததற்குக் காரணம் என் கஞ்சி! போன வருடம் முதுகில் வலி என்று அவன் வந்து சேர்ந்து சில மாதம் வீட்டோடு கிடந்தான். இந்த வருடம் மகளுக்குச் சட்டை இடுப்பில் இறுகுகிறது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். ஆனால் ஒரு இனத்தையே சந்தேகிப்பது சுகமாக இருக்கும்போது மருமகனை யார் சந்தேகிப்பார்கள்?

நோன்பு வாயோடு ஏசக் கூடாது என்பது மார்க்கம். அவள் நேரம் பார்த்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நோன்பு இல்லாத நாளாக இருந்திருந்தால் அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் என் கதையைக் கேட்டிருக்கும்.

இதில் வயிறு எரிகிற இடம் வேறு. குழப்பம் நடந்த வருடம், டவுனில் எங்கள் ஆட்களின் கடைகளுக்குக் கல் எறிந்த அன்று மத்தியானம், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "அக்கா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்கால வாங்க" என்று கூப்பிட்டவளும் இவள்தான். அவளுடைய அறையில், அந்தோனியார் படத்துக்குக் கீழே, நாங்கள் நால்வரும் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். வாசலில் அவளுடைய புருஷன் நின்றார். எங்களுக்குத் தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும் தந்தாள். அந்த ஒரு நாளுக்காக அவளை என் கூடப்பிறந்தவளாகவே வைத்திருந்தேன். அதற்கு அடுத்த கிழமை நான் கொடுத்த கஞ்சியும் கோழிக்குத்தான் போயிருக்கிறது. என் உயிர் காப்பாற்றத் தகுந்தது. என் கஞ்சி குடிக்கத் தகுந்தது இல்லை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாளோ.

"இப்ப ஏன் சொல்ற?" என்று கேட்டேன்.

"தவக்காலந்தானே. எங்கட கோயில் சுவாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னன். எனக்கிட்டச் சொன்னாப் போதாது, அந்த மனுசிக்கிட்டப் போய்க் கேளு எண்டு சுவாமி சொன்னாரு."

அப்படியானால் சுவாமி கொடுத்த பரிகாரத்தில் எனக்குக் கிடைத்த இடம் இதுதான். மூன்று முறை மங்கள வார்த்தைச் செபம், அத்தோடு பக்கத்து வீட்டு முஸ்லிம் பொம்பளை.

"அதோட அக்கா," என்று குரலைத் தாழ்த்தினாள், "மகளுக்கு இந்த நேரத்துல ஒருத்தர்ட மனசு நொந்திரிக்கக் கூடாதுதானே. உங்கட பதுவா புள்ளைக்குப் பட்டிட்டா நான் என்ன செய்ய?"

பதுவா என்றால் சாபம். எங்கள் சொல். பக்கத்து வீட்டில் இருந்து இதைக் கற்றிருக்கிறாள்.

அவள் வாய் திறக்கும்வரை என் மனம் நோகவில்லை. மெஷினில் உட்கார்ந்து, பிள்ளைத்தாச்சியின் சட்டையைக் கையில் வாங்கி, சந்தோஷமாக இருந்தேன். நோகாத மனதைக் குத்தி நோகவைத்துவிட்டு, நொந்த மனம் பிள்ளைக்கு ஆகாது, சீக்கிரம் ஆற்றிக்கொள் என்று முன்னால் நிற்கிறாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த பதுவாவைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் மகளின் வயிற்றைக் கெடுக்கும் சக்தி எனக்கு இருக்கிறது என்று அன்றைக்கும் நம்பினாள், இன்றைக்கும் நம்புகிறாள். முன்பு விஷம் என் சட்டியில் இருந்தது, இப்போது என் வாய்க்கு வந்திருக்கிறது. மாறியது அவ்வளவுதான். இதற்குப் பெயர் மனந்திரும்புதல்!

"சட்டையை வெச்சிட்டுப் போ. தைச்சி வெக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.

நோன்பு திறந்து மஃரிப் தொழுத பிறகு வீட்டுக்காரரிடம் விஷயத்தைக் கொட்டினேன். அவர் கஞ்சிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"மன்னிச்சி விடு. அல்லாஹ்வே மன்னிக்கிறான்."

"அவன்ட விசயம் வேற. கஞ்சி காய்ச்சினது நான்."

மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் கேட்டு வந்து எனக்குச் சொன்னவரே அவர்தான். தனக்கு வசதி இல்லாத நேரத்தில் மறந்துவிடுவார்.

"அவளாத்தானே வந்து சொன்னா" என்றார். "எத்தன பேர் இன்னும் அப்பிடி நினைச்சிக்கிட்டு நம்மட முகத்தப் பாத்துச் சிரிக்கிறாங்க. அவங்கள்ல ஒருத்தர் வந்து சொன்னாங்களா? இவ சொல்லாமலே இரிந்திருக்கலாம். உனக்குச் சாகிற வரைக்கும், மௌத்து வரைக்கும் தெரிஞ்சிரிக்காது."

இது நியாயமான கதை. ஒத்துக்கொள்கிறேன். நியாயமான கதையைச் சாப்பிடும்போது சொல்கிறவர்மேல் வரும் கோபத்தையும் சேர்த்து ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. மருமகனுக்கு முதுகு வலிக்காமல் இருந்திருந்தால்? மகளுக்கு இந்த வருடமும் ஒன்றும் இல்லாமல் போயிருந்தால்? இந்த நோன்புக் கஞ்சியும் கோழிக்குத்தானே போயிருக்கும்? வாளியில் முட்டையும் வந்திருக்கும், "ஹரி ரஸய்"யும் வந்திருக்கும். அவள் தன் நினைப்பைக் கைவிட்டு வரவில்லை. பிள்ளை வந்து நினைப்பைப் பொய்யாக்கியதால் வந்தாள். பிறக்காத ஒரு குழந்தை சாட்சி சொன்ன பிறகுதான் எனக்கு விடுதலை என்றால், அந்த விடுதலையை நான் ஏன் கை நீட்டி வாங்க வேண்டும்?

மறுநாள் சின்னச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஏற்றவில்லை. வாளி ஆணியில் தொங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்று திரும்பிப் போவது கேட்கும். எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த முட்டாளை எனக்குப் பிடிக்கும், அதுதான் கொதிப்பு. பிடிக்காதவளாக இருந்தால் காறித் துப்பிவிட்டு மெஷினை மிதித்திருப்பேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள்காரி வந்தாள். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. நடை மட்டும் அதற்குள் மாறிவிட்டது.

"மாமி, கஞ்சி இல்லையா?"

"உங்கட கோழிக்கா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா சொல்லிட்டாங்களா? மாமி, நான் ஒண்டு சொல்றன், அம்மாக்குச் சொல்ல வேணாம். அம்மா கோழிக்கு ஊத்த முந்தி நான் ஒரு கோப்ப எடுத்து ஒளிச்சி வெச்சிருவன். ஒவ்வொரு நாளும் குடிச்சன். எல்லா நோன்புக்கும்."

"பயமில்லையா உனக்கு?"

"என்ன பயம்? எனக்குத் தெரியாதா உங்கள? இப்ப எனக்கு வாயில ஒண்டும் வெக்க ஏலாது மாமி. இந்தக் கஞ்சி மட்டும்தான் கேக்குது."

யாரைக் காப்பாற்ற அவள் என் கஞ்சியைக் கொட்டினாளோ, அந்தப் பிள்ளை ஒரு நாள் விடாமல் குடித்திருக்கிறாள். குடித்தவளுக்கு வயிற்றில் பிள்ளை, குடித்த கோழிக்குக் காலடியில் குஞ்சு. குடிக்காத ஒருத்திக்குத்தான் மூளை மலடானது. நானும் சிரித்துவிட்டேன், சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே. பிறகு இன்னொன்று குத்தியது. இவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் இவளும் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கு நோன்பு திறக்கிற நேரம் வா," என்றேன். "உம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. வாளியில தர மாட்டன். இங்க இரிந்து குடிக்கணும்."

மறுநாள் ஒரே ஒரு சட்டிதான் வைத்தேன். பெரிய சட்டி. இறைச்சி போடவில்லை. இதை அன்பு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இனி இந்த வீட்டில் சந்தேகப்படுவதற்கென்று தனிச் சட்டி கிடையாது என்று நான் போட்ட சட்டம் அது. வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, யாராவது மௌத்தாகிவிட்டார்களா என்று கேட்டார்.

தாயும் மகளும் வந்து குசினி மேசையில் உட்கார்ந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஒரே சட்டியிலிருந்து, ஒரே அகப்பையால் ஊற்றினேன். நான் ஊற்றி முடிக்கும்முன்னே மகள் குடிக்கத் தொடங்கிவிட்டாள். தாய் குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. நோன்பாளி முன்னால் முந்திக் குடிக்கக் கூடாதென்று இருக்கிறாளா, நான் குடித்துக் காட்டட்டும் என்று இருக்கிறாளா? என்னால் சொல்ல முடியவில்லை. போன வருடமாக இருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. மரியாதை தெரிந்தவள் என்று நினைத்து உச்சி குளிர்ந்திருப்பேன்.

பாங்கு கேட்டது. நான் ஈச்சம்பழத்தை வாயில் போட்டுக் கஞ்சியைக் குடித்தேன். பிறகு அவள் குடித்தாள். கோப்பை காலியாகும்வரை நிறுத்தவில்லை.

"ஹரி ரஸய் அக்கா" என்றாள். என்றைக்கும் சொல்லும் அதே குரல், அதே சப்புக்கொட்டல். உண்மையில் குடித்துவிட்டுச் சொல்வதற்கும் குடிக்காமல் சொல்வதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

போகும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிட்டீங்களா அக்கா?"

"மகளுக்குப் பனி படும், கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வரட்டும். உன் பிள்ளைக்கு என்னால் ஒரு தீங்கும் வராது என்று மட்டும் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை. கேட்டதைக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது என்னிடம் இல்லை. இருந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கியிருப்பேன்.

என் சொல்லை நானே மீறி, மகள் குடிப்பதற்கென்று ஒரு வாளியில் மிச்சக் கஞ்சியை ஊற்றி அனுப்பியிருந்தேன். காலையில் அது மதிலுக்கு மேலால் திரும்பி வந்தது. வெறுமையாக வரவில்லை. கழுவித் துடைத்து, உள்ளே வைக்கோல் பரப்பி, முட்டைகள் அடுக்கியிருந்தாள், என்றைக்கும் அனுப்புவதைவிடக் கூடுதலாக.

சந்தையில் வாங்கும் முட்டையை நான் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன். கெட்ட முட்டை மிதக்கும். அவள் வீட்டு முட்டையை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அன்று பேசனில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக விட்டேன். ஒவ்வொன்றும் நேராக அடியில் போய்ப் படுத்தது. எல்லாம் நல்ல முட்டை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே கடைசி முட்டையையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைத்தேன்.